மேட்டில் இருப்பவர்களுக்குக் கடல் எதற்கு?

(ஓசூரில் நிகழ்த்திய சிறார் இலக்கிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



வெள்ளம் சூழ்ந்த எதிர்கால உலகில் நடக்கும் சிறார் கடல் சாகசக் கதைகள் என்று தலைப்புக் கொடுத்திருக்கிறேன். ஓசூரில் பேச இது பொருத்தமான தலைப்பா என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். நாம் கூடியிருக்கும் இடம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே பிறந்த பிள்ளைக்குப் பெங்களூரு பக்கத்து ஊர், கடல் எங்கோ தூரதேசம்.

எந்தக் கடலும் வந்து சேராத இடம் என்பதால்தான் இந்தத் தலைப்பை இங்கே பேசத் துணிந்தேன். உலகம் மூழ்கும் கதைகளை ஒன்றன்பின் ஒன்றாகப் படித்துப் பாருங்கள். தண்ணீர் ஏறுவது முதல் சில பக்கங்களோடு முடிந்துவிடும். மீதிப் புத்தகம் முழுக்க ஓடுவது வேறு வழக்கு. மேட்டில் இருப்பவர்கள், படகில் வந்து நிற்பவர்களை என்ன செய்தார்கள் என்பதே அந்த வழக்கு. ஓசூர் மேடு. அதனால் தமிழில் அப்படி ஒரு கதை பிறக்க வேண்டுமானால், கரையோர ஊர்களுக்கு இருக்கும் உரிமை நமக்கும் உண்டு என்பது என் கட்சி.

கப்பல் விட்டுப்போன பெண்

ஆங்கிலத்தில் இந்த வகையின் மூத்த நூல்களில் ஒன்று ரிச்சர்ட் ஜெஃப்ரீஸ் 1885இல் எழுதிய 'ஆஃப்டர் லண்டன்'. இங்கிலாந்தின் நடுப்பகுதி பெரிய ஏரியாகிவிடுகிறது. ஃபெலிக்ஸ் என்ற இளைஞன் மரத்தைக் குடைந்து ஓடம் செய்துகொண்டு புறப்படுகிறான். லண்டன் நகரம் நச்சுச் சதுப்பாகக் கிடக்கிறது. அதற்குள் போய் உயிர் தப்பி வருவதே அவனுக்குப் பெரும்பாடு. சிறுவர்களுக்கென்று எழுதியதல்ல. ஆனால் பின்னால் வந்த சிறார் கதைகளுக்கான சட்டகம் இதிலேயே இருக்கிறது: மூழ்கிய ஊர், கையால் செய்த படகு, துணையில்லாமல் புறப்படும் இளையவர்.

2000ஆம் ஆண்டு மார்கஸ் செட்ஜ்விக் எழுதிய 'ஃப்ளட்லேண்ட்' அந்தச் சட்டகத்துக்குள் ஒரு சிறுமியை வைத்தது. இங்கிலாந்தின் கிழக்குப் பகுதி நீரில் மூழ்கி, நாரிச் நகரம் தீவாகிவிட்டது. கடைசிக் கப்பல் கிளம்பும் தள்ளுமுள்ளில் சோயி கரையிலேயே நின்றுபோகிறாள். பெற்றோர் கப்பலில் போய்விட்டார்கள். மண்ணில் புதைந்து கிடந்த ஒரு படகைக் கண்டெடுத்து, பழுதுபார்த்து, தன்னந்தனியாகத் துடுப்புப் போட்டுக் கிளம்புகிறாள். அவள் ஒதுங்கும் சிறு தீவில் பெரியவர்களின் ஆட்சி கிடையாது. பழைய தேவாலயத்தில் டூபி என்ற சிறுவனின் கும்பல் குடியேறி அதிகாரம் செய்கிறது. சோயிக்குக் கடல் தந்த ஆபத்தைவிட, தரையில் இருந்த அந்தப் பிள்ளைகள் தந்த ஆபத்து பெரிது.

2002இல் ஸ்காட்லாந்து எழுத்தாளர் ஜூலி பெர்டானா எழுதிய 'எக்ஸோடஸ்' இதை இன்னும் வெளிப்படையாகச் சொன்னது. மாரா என்ற பெண்ணும் அவள் தீவு மக்களும் மூழ்கும் மண்ணைவிட்டுப் படகேறி, மூழ்கிய கிளாஸ்கோவுக்கு மேலே எழுப்பிய வானளாவிய நகரத்துக்கு வந்து சேர்கிறார்கள். நகரத்தைச் சுற்றி மதில். மதிலுக்கு வெளியே அகதிப் படகுகளின் கூட்டம். உள்ளே இருப்பவர்களுக்கு வெளியே கூட்டம் இருப்பதுகூடக் கண்ணில் படுவதில்லை.

இந்த வரிசையில் குழந்தைகள் மிக அதிகமாகக் கண்டு களித்தது ஜப்பானிய கார்ட்டூன் தொடர் ஒன்றுதான். அலெக்சாண்டர் கீ என்ற அமெரிக்கர் 1970இல் எழுதிய நாவலைத் தழுவி, ஹயாவோ மியாசாகி 1978இல் 26 பகுதிகளாக இயக்கிய 'ஃப்யூச்சர் பாய் கோனன்'. பெரும்போரில் கண்டங்கள் கடலுக்குள் போய்விட்ட உலகம். ஒரு சின்னத் தீவில் தாத்தாவோடு வளரும் கோனனுக்கு, கரையொதுங்கிய லானா என்ற சிறுமியைக் காப்பாற்றப் போய், உலகத்தையே சுற்ற நேர்கிறது. ஒருபக்கம் உழவும் மீன்பிடியுமாக வாழும் ஹை ஹார்பர். மறுபக்கம் இண்டஸ்ட்ரியா, பெயரிலேயே தொழிற்சாலையைச் சுமக்கும் நகரம். அதன் கப்பல் பழைய உலகின் பிளாஸ்டிக் கழிவைத் தோண்டி எடுத்து மூலப்பொருளாகக் கொண்டுபோகிறது. நகரத்தின் அடித்தட்டு மக்கள் நிலத்தடியில் அடைபட்டுக் கிடக்கிறார்கள். மியாசாகி அந்த நகரத்தைக் கெட்ட ஊர் என்று மூழ்கடித்துவிட்டுக் கைகழுவவில்லை. மூழ்குமுன் அதன் மக்களைக் கப்பலேற்றி வெளியே கொண்டுவருவதைக் கதையின் பிற்பகுதிக்குப் பெரிய வேலையாக வைத்தார். ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையின் சங்கொலி கேட்டு விழிக்கும் பிள்ளைகள் இதைப் பார்க்க வேண்டும். தொழிற்பேட்டையை வில்லனாக்குவது எளிது. அதற்குள் வேலை செய்யும் மனிதர்களை மறக்காமல் இருப்பதுதான் கதைசொல்லிக்குச் சோதனை.

நம் வெள்ளம் பின்னால் இருக்கிறது

தமிழில் கடல்கொண்ட கதைகளுக்குப் பஞ்சமா? பஃறுளியாறும் குமரிக்கோடும் கடலுக்கு இரையானதைச் சிலப்பதிகாரம் சொல்கிறது. இறையனார் களவியல் உரை சங்கங்களையும், கடல்கொண்ட நகரங்களையும் பட்டியல் போடுகிறது. புதுமைப்பித்தன் 'கபாடபுரம்' என்று ஒரு சிறுகதை எழுதினார். அதே தலைப்பில் நா. பார்த்தசாரதி ஒரு நாவலே எழுதினார். 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடியும், 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் நாகப்பட்டினம் கரையும் பட்டது கதையல்ல, நினைவு.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இவை எல்லாமே பின்னோக்கிப் பார்ப்பவை. நம்முடைய மூழ்கிய நிலம் இறந்தகாலத்தில் இருக்கிறது. அதைப் பெருமையோடோ துக்கத்தோடோ நினைத்துக்கொள்கிறோம். சாகசக் கதை கேட்கும் பிள்ளைக்குப் பெருமையும் துக்கமும் போதாது. அடுத்து என்ன செய்வது என்று கேட்டு நிற்கும் எதிர்காலம் வேண்டும்.

நம் சிறார் சாகச நாவல்கள் வேறு திசைகளில் போயின. தினமணி சிறுவர்மணியில் ஜெயமோகன் எழுதிய 'பனிமனிதன்', 'வெள்ளிநிலம்' இரண்டுமே இமயமலைப் பக்கம் ஏறியவை. கடல் பெரியவர்களுக்கான நாவல்களுக்குள் போய்விட்டது. 'பொன்னியின் செல்வன்' பூங்குழலியின் ஓடத்தில் ஏறத் தெரிந்த பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு, அவளையே நாயகியாக வைத்து யாரும் தனிக்கதை தந்ததாக எனக்குத் தெரியவில்லை.

அப்படியானால் முன்மாதிரியே இல்லையா? இருக்கிறது. மணிமேகலையைச் சமயக் காப்பியமாகவே பாடம் நடத்திப் பழகிவிட்டோம். அதைக் கடற்கதையாக ஒருமுறை படித்துப் பாருங்கள். தூங்கிக்கொண்டிருந்த இளம்பெண் ஒருத்தியைக் கடல் தெய்வம் தூக்கிக்கொண்டு போய் மணிபல்லவத் தீவில் விட்டுவிடுகிறது. விழித்தவள் பழகிய முகம் ஒன்றும் காணாமல் மணலில் அலைந்து தேடுகிறாள், கதறுகிறாள். தனித்தீவில் விடப்பட்ட பிள்ளையின் கதை எப்படித் தொடங்குமோ அப்படியே தொடங்குகிறது.

அதே தீவில் அவளுக்கு முன்னால் ஒருவன் விடப்பட்டிருந்தான்: ஆபுத்திரன். அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி அவன் கையில். மதுரைப் பக்கம் மழை பெய்து வளம் கொழித்துவிட்டதால் அவனிடம் உணவு வாங்க ஆள் இல்லை. சாவக நாட்டில் பஞ்சம் என்று கேள்விப்பட்டுக் கப்பலேறுகிறான். காற்று சரியில்லாமல் கப்பல் மணிபல்லவத்தில் தங்குகிறது. அவன் இறங்குகிறான். அவன் ஏறிவிட்டான் என்று நினைத்துக்கொண்டு கப்பல் இரவில் கிளம்பிவிடுகிறது. ஊருக்கே சோறிடும் பாத்திரம் கையில் இருந்தும் அவன் உண்ணவில்லை. கொடுக்க ஆளில்லாத இடத்தில் தான் மட்டும் தின்று பிழைப்பதை அவனால் ஏற்க முடியவில்லை. பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு உயிர் துறக்கிறான்.

சோயியையும் ஆபுத்திரனையும் கப்பல் விட்டுப்போனது ஒரே மாதிரிதான். ஆனால் தனித்தீவுக் கதைகளில் பெரும்பாலும் கேள்வி, நான் எப்படிப் பிழைப்பேன் என்பது. ஆபுத்திரன் கேள்வி, யாரும் இல்லாமல் நான் பிழைத்து என்ன பயன் என்பது. ராபின்சன் குருசோவைத் துணைப்பாடமாகப் படித்து வளர்ந்த தலைமுறைகளுக்கு இந்த எதிர்க்கேள்வியையும் கூடவே கொடுத்திருக்கலாம்.

இன்னொருவன் சாதுவன். கலம் உடைந்து, முறிந்த மரத்தைப் பற்றிக்கொண்டு நாகர் மலைப்பக்கம் ஒதுங்குகிறான். அவனைத் தின்னவே நாகர்கள் சூழ்கிறார்கள். அவன் உயிரைக் காத்தது வாளும் அல்ல, வலிமையும் அல்ல; அவர்கள் பாஷை அவனுக்குத் தெரிந்திருந்தது. பேசினான், பிழைத்தான். ஒரு கடல் சாகசத்தின் உச்சக்கட்டத்தைப் பேச்சிலேயே முடித்துக்காட்டிய கதை இது.

புகார் நகரம் எப்படி மூழ்கியது? சோழ மன்னனின் கைக்குழந்தையை ஏற்றிவந்த வணிகக் கப்பல் கவிழ்ந்தது. பிள்ளையைத் தேடி அலைந்த அரசன் இந்திர விழாவை மறந்தான். கடல் ஊரைக் கொண்டது. கடலில் தொலைந்த ஒரு குழந்தைக்குப் பின்னால் ஒரு நகரமே போகிறது. ஊர் இழந்த தாய் மாதவியும் ஆசான் அறவண அடிகளும் உள்நாட்டுக் காஞ்சிக்கு வந்து சேர்கிறார்கள். காஞ்சியோ பஞ்சத்தில் கிடக்கிறது. அங்கே மணிமேகலை அமுதசுரபியோடு நிற்கிறாள். கரையூர்க்காரர்களை மேட்டு ஊர் எப்படி வரவேற்றது என்ற வழக்குக்குத் தமிழ் என்றோ தீர்ப்பெழுதிவிட்டது.

தண்ணீர்க் கணக்கு

சாகசக் கதை எழுதுகிறவருக்குக் கற்பனை எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு கணக்கும் வேண்டும். பிள்ளைகள் கணக்கில் ஏமாறமாட்டார்கள்.

ஐ.பி.சி.சி. ஆறாவது மதிப்பீட்டு அறிக்கையின்படி, 2100க்குள் கடல்மட்டம் உயரக்கூடிய அளவு, நாம் வெளிவிடும் கரியைப் பொறுத்து, ஏறக்குறைய 0.3 மீட்டரிலிருந்து 1 மீட்டர் வரை. கேட்பதற்குச் சின்ன எண். சதுப்பு நிலத்திலும் கழிமுகத்திலும் வாழ்பவர்களுக்கு அது சின்னதல்ல. உலகத்துப் பனி முழுதும் உருகினால்தான் 65, 70 மீட்டர் உயரும். அதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பிடிக்கும்.

அந்த 70 மீட்டரைக் கதைக்காக எடுத்துக்கொள்வோம். தஞ்சாவூர்த் தரை கடல் மட்டத்துக்கு மேல் 60 மீட்டருக்குள்தான் இருக்கிறது. பெரிய கோயில் விமானம் ஏறக்குறைய 66 மீட்டர். ஆக, பிரகாரத்தின்மேல் பத்து மீட்டருக்குமேல் தண்ணீர், நந்தி நீருக்குள், விமானத்தின் ஐம்பது மீட்டர் வெளியே. படகில் வரும் பிள்ளைகளுக்கு அது மைல்கணக்கில் தெரியும் கரைக்குறி. இருட்டில் அங்கே விளக்கு ஏற்றுவது யார் வேலை? அதற்கு எண்ணெய் கொண்டுவருவது யார்? ஒரு நாவலுக்கு இந்த இரண்டு கேள்வி போதும். ஓசூருக்கு? இந்தக் கணக்கு என்ன போட்டாலும் ஓசூர் மூழ்காது. இங்கிருந்து எழுதுகிறவர் மதிலுக்கு உள்ளே இருக்கிறவராகத்தான் எழுத முடியும்.

மூழ்கிய ஊரைப் பார்க்கவும் நாம் எதிர்காலத்துக்குப் போக வேண்டியதில்லை. 1934இல் கட்டிமுடித்த மேட்டூர் அணைக்குள் ஊர்கள் மூழ்கின. நீர் இறங்கும் கோடையில் பண்ணவாடிப் பக்கம் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும், தேவாலயத்தின் கோபுரங்களும் வெளியே தலைகாட்டுவதைச் செய்தித்தாள்களில் அவ்வப்போது பார்க்கிறோம். அந்தப் படத்தில் இல்லாதவர்கள், மூட்டைகட்டிக்கொண்டு மேட்டுக்குப் போனவர்கள். சிறார் நாவல் அவர்களோடு கிளம்ப வேண்டும்.

ஓசூர்க் கையிருப்பு

இந்த மண்ணுக்குக் கடற்கதையோடு உள்ள பழைய உறவு ஒன்றைச் சொல்கிறேன். சிறார் உலகின் மிகப் புகழ்பெற்ற நீர்மூழ்கித் தலைவன் கேப்டன் நெமோ. 1870இல் வந்த நாவலில் அவன் யார் என்று ஜூல் வெர்ன் சொல்லவில்லை. 1874-75இல் வந்த 'மர்மத் தீவு' நாவலில் முடிச்சை அவிழ்த்தார்: அவன் புந்தேல்கண்ட் இளவரசன் தக்கார், 1857 எழுச்சியில் போரிட்டவன், திப்பு சுல்தானின் மருமகன் முறை. அந்தத் திப்புவிடமிருந்துதான் 1792இல் பாராமகாலும் 1799இல் ஓசூர்ப் பகுதியும் கம்பெனி கைக்குப் போயின. கடலே காணாத இந்த எல்லைச் சீமையை இழந்த அரசகுலத்தின் உறவுக்காரன் ஒருவன், பிரெஞ்சுக்காரர் கற்பனையில் ஏழு கடலையும் ஆண்டான். நம் பிள்ளைகளுக்கு நாம் இதைச் சொல்லியிருக்கிறோமா?

'மர்மத் தீவு' இன்னொரு விதத்திலும் ஓசூர்ப் பிள்ளைகளுக்கான நூல். அதில் ஒரு இன்ஜினியர் தலைமையில் ஐந்து பேர் வெறுங்கையோடு தீவில் விழுந்து, செங்கல் சுடுகிறார்கள், இரும்பு உருக்குகிறார்கள், படகு கட்டுகிறார்கள். கடல் சாகசத்தின் பாதி சுவாரசியம் செய்நேர்த்தியில் இருக்கிறது. இந்த மாவட்டத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் பொ.ஆ.மு. 2172 வரை போகிறது என்று 2022இல் தமிழ்நாடு அரசு அறிவித்தது. இன்றோ கடிகாரம் முதல் கனரக வண்டி வரை இங்கே செய்கிறார்கள். ஐ.டி.ஐ. ஃபிட்டர் அப்பாவும், அசெம்ப்ளி லைனில் நிற்கும் அக்காவும் உள்ள வீட்டுப் பிள்ளைக்கு வெர்னியர் என்றால் தெரியும், பேரிங் எப்போது சத்தம் போடும் என்று தெரியும். வெள்ள உலகத்தில் பழைய மோட்டாரைத் தட்டிக்கொட்டி ஓடவைக்கும் பிள்ளை ஓசூர்க்காரியாக இருந்தால் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள்.

படகு? நமக்குத் தெரிந்த ஒரே கலம் ஒகேனக்கல் பரிசல். மூங்கில் பிளாச்சு பின்னி, அடியில் நீர் புகாத உறை போட்ட வட்டக் கூடை. அதற்கு அணியமும் இல்லை, பிற்பக்கமும் இல்லை. பரிசல்காரர் துடுப்பை முன்னால் குத்தித் தண்ணீரைத் தன் பக்கம் இழுக்கிறார். கையை நிறுத்தினால் பரிசல் தன்பாட்டில் சுற்ற ஆரம்பித்துவிடும். பாறைக்கு நடுவே போக இதைவிட நல்ல கலம் கிடையாது, கரையேறியதும் தலையில் கவிழ்த்துக்கொண்டு நடக்கலாம். அலைகடலில் அரைமணி தாங்காது. ஆகவே மேட்டுப் பிள்ளை ஒருத்தி பரிசலோடு கடலோரம் இறங்கினால், கட்டுமரம் கட்டத் தெரிந்த கரையூர்ப் பிள்ளை ஒருவனிடம் அவள் கற்றே தீரவேண்டும். கச்சான் எது, கொண்டல் எது, வாடை எந்த மாதம் இறங்கும், நீவாடு எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும். மோட்டார் அவளுக்குத் தெரியும். கதை அங்கே தானாக நகரும். இந்தச் சொற்களுக்கு அகராதியைத் தேட வேண்டாம். ஜோ டி குருஸின் 'ஆழிசூழ் உலகு' இருக்கிறது, நரசய்யாவின் 'கடலோடி' இருக்கிறது.

மொழியிலும் நமக்குச் சாதுவன் கொடுப்பினை உண்டு. வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ், கடையில் கன்னடம் என்று வளரும் பிள்ளைகள் இந்த எல்லையில் சாதாரணம். இப்போது ஒடியா, இந்தி, வங்காளமும் சேர்ந்துவிட்டன. பல ஊர் மக்கள் ஒரே படகில் நெருக்கியடித்து நிற்கும் உலகில் சண்டையை விலக்கப்போவது இப்படிப்பட்ட பிள்ளைதான்.

கையிருப்பில் கசப்பானவையும் உண்டு. நந்தி மலையில் பிறக்கும் தென்பெண்ணை, பெங்களூருப் பக்கத்துக் கழிவைச் சுமந்துகொண்டு கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது. மதகு திறந்தால் நுரை மலைமலையாகப் பொங்குவதைப் பார்க்கிறோம். ஜெஃப்ரீஸ் 1885இல் கற்பனை செய்த நச்சு நீர் நமக்குக் கண்ணெதிர் காட்சி. 2024 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில், ஃபெஞ்சல் புயல் மழையில் ஊத்தங்கரையில் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் பெய்தது. நிறுத்தியிருந்த வேன்களும் கார்களும் தண்ணீரில் உருண்டுபோயின. அதே நாட்களில் தென்பெண்ணையின் சாத்தனூர் அணையிலிருந்து திறந்த வெள்ளம் விழுப்புரம், கடலூர்க் கரைகளில் புகுந்தது. மலையில் பெய்ததற்குக் கடலோரம் தவித்தது. மேட்டுக்கும் கரைக்கும் நடுவே ஓடும் ஆறு ஒன்றுதான் என்பதைப் பாடப்புத்தகத்தைவிட அந்த டிசம்பர் தெளிவாகச் சொன்னது.

எழுதப்போகிறவர்களுக்கு

இரண்டு பள்ளங்களைக் காட்டிவிட்டு முடிக்கிறேன். முதலாவது உபதேசம். பிளாஸ்டிக் பையைக் கீழே போட்டதால் உலகம் மூழ்கியது என்று பிள்ளையின் தலையில் பழியைக் கட்டாதீர்கள். கரியைக் கக்கியது அவர்கள் அல்ல. இரண்டாவது, காலியான கடல். சாகசத்துக்கு வசதியாக இருக்கட்டும் என்று கோடிப் பேரை முதல் அத்தியாயத்திலேயே சாகடித்துவிட்டு, நாலு பிள்ளைகளை மட்டும் மிச்சம் வைப்பது. மூழ்கிய ஒவ்வொரு தெருவிலும் ஆட்கள் இருந்தார்கள். அவர்கள் எங்கே போனார்கள் என்று கேட்காத கதை, அறம் கெட்டது மட்டுமல்ல, சுவையும் கெட்டது.

இனி, கேட்கும் உரிமை எடுத்துக்கொண்டு மூன்று வேண்டுகோள். நூலகர்களே, இங்கே நான் சொன்ன வெளிநாட்டு நூல்களுக்கு நல்ல தமிழ் மொழிபெயர்ப்புகள் வர வேண்டும். பதிப்பகங்களைக் கேட்டு நச்சரியுங்கள். ஆசிரியர்களே, உங்கள் வகுப்பில் நாகையிலிருந்தும் கடலூரிலிருந்தும் இராமநாதபுரத்திலிருந்தும் வேலை தேடி வந்தவர்களின் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் தாத்தா பாட்டி சொன்ன காற்றின் பெயர்களை எழுதி வாங்குங்கள். ஆதிரையின் கணவன் சாதுவன் கதையை ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியும் உரைநடையில் சொல்லிக்கொடுங்கள். பக்கத்துத் தொரப்பள்ளியில் 1878இல் பிறந்த ராஜாஜி, இராமாயணத்தையும் பாரதத்தையும் அப்படித்தான் எளிய நடையில் வீட்டுக்கு வீடு கொண்டுசேர்த்தார். மணிமேகலைக்கும் அந்தப் பாக்கியம் வேண்டும்.

பிள்ளைகளே, கடைசி வேண்டுகோள் உங்களுக்கு. பெரியவர்கள் எழுதுவார்கள் என்று காத்திருக்காதீர்கள். ஓசூர் மேட்டுக்கு ஒரு படகுக் கூட்டம் வந்து சேர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜூஜுவாடி எல்லைச் சோதனைச்சாவடியில் நிற்பது நீங்கள். கதவைத் திறப்பதா, யாரைக் கேட்டுத் திறப்பது, திறந்தபின் சோற்றுக்கு என்ன வழி என்று எழுதத் தொடங்குங்கள். திறக்கமாட்டேன் என்று முடித்தாலும் பரவாயில்லை, ஏன் என்பதை நேர்மையாக எழுதுங்கள். அடுத்த ஆண்டு இதே அறக்கட்டளை மேடையில் பெரியவர்கள் பேச்சுக்கு முன்னால் அந்தக் கதைகளில் ஒன்றை வாசிக்க இடம் கொடுக்குமாறு அவைத்தலைவரை எல்லோர் சார்பிலும் கேட்டுக்கொள்கிறேன்.